டாக் குடுக்கவா, ஜட்ஜா போகவா? போட்டோ கிளப்பிலிருந்து அழைப்பு வந்தால்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். பறவைகளைப் படம் எடுப்பவன், ஏழெட்டு வருடப் பழக்கம். "அண்ணா, ஒரே நேரத்துல ரெண்டு கிளப் கூப்பிட்டிருக்காங்க. ஒருத்தர் படத்தைத் திரையில போட்டு ஒரு மணி நேரம் டாக் குடுங்கங்கிறார். இன்னொருத்தர் மாசப் போட்டிக்கு ஜட்ஜா வாங்கங்கிறார். ரெண்டும் ஒரே ஞாயித்துக்கிழமை. எதுக்குப் போறது?" என்றான். டாக்குக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, நான் ஒரு "ஆமாம்" சொன்னால் போதும் என்று காத்திருக்கிற குரல் அது. நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பாதியும் மறுநாள் வாய்ஸ் மெசேஜில் மீதியுமாக அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

நான் முழுநேரப் புகைப்படக்காரன் இல்லை. வாரநாட்களில் ஆடிட்டர் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கேமரா. பன்னிரண்டு வருடத்தில் சென்னை, திருச்சி, மதுரை, நாகர்கோவில் பக்கம் இருபது டாக்குக்கு மேல் கொடுத்திருப்பேன். நடுவராக உட்கார்ந்தது அதைவிட அதிகம். இரண்டிலும் நன்றாகச் சொதப்பியிருக்கிறேன்.

முதலில் காசுப் பேச்சை முடித்துவிடலாம், ஏனென்றால் அதை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. நம் ஊரில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மரியாதைதான்: ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு, மத்தியானச் சாப்பாடு. எங்கள் வீட்டு பீரோவின் மேல் பதினோரு நினைவுப் பரிசுகள் நிற்கின்றன. தூசி துடைக்கும்போதெல்லாம் என் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். பஸ், ரயில் டிக்கெட் காசை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் இந்த விஷயம் தெளிவாக இருக்கிறது. அங்கே கிளப் போட்டிக்கு வரும் நடுவர் பெரும்பாலும் பயணச் செலவு மட்டும் வாங்கிக்கொள்வார், பேச்சாளர் தன் கட்டணத்தைச் சொல்லிவிடுவார். இன்னார் இன்ன தலைப்பில் பேசுவார், இன்னார் நடுவராக வருவார் என்று வட்டாரக் கூட்டமைப்புகள் பட்டியலே வைத்திருக்கின்றன. நமக்கு எல்லாம் "அவர் நல்லா பேசுவார் சார்" என்ற வாய்வழி சிபாரிசுதான்.

சரி, டாக்.

டாக் என்றால் எல்லோருக்கும் ஆசை வருவதற்குக் காரணம் எளிது. நம் படங்கள், பெரிய திரை, இருட்டு அறை, எழுந்து போக முடியாத ஐம்பது பேர். என் முதல் டாக்குக்கு 180 படம் கொண்டுபோனேன். தலைப்பு "எனது புகைப்படப் பயணம்". ஹம்பி, காசி, வீட்டு மொட்டை மாடி எறும்பு, அக்கா மகள் கல்யாணம், எல்லாம் இருந்தது. 70 நிமிடத்தில் 180 படம் என்றால் ஒரு படத்துக்கு இருபத்து மூன்று விநாடி. நாற்பதாவது நிமிடத்தில் பின்வரிசையில் செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. முடித்ததும் செயலாளர், "சார், ரொம்ப வெரைட்டியா இருந்துச்சு" என்றார். அதைப் பாராட்டு என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னிடம் உருப்படியான டாக் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: சலூன்கள். ஒன்பது வருடம் தென்மாவட்டச் சின்ன ஊர்களின் முடிதிருத்தும் கடைகளை எடுத்தது. 62 படம். அதில் ஒன்று சாத்தூர்ப் பக்கம் எடுத்தது. எதிரெதிரே இரண்டு கண்ணாடி, அதனால் கடைக்காரர் முகம் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நாற்காலியின் கிழிந்த ரெக்சினுக்குச் செலோ டேப் ஒட்டியிருக்கும். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு பலகை, அதன் மேல் கழுத்து வரை துணி போர்த்திய ஒரு பையன், அழுது முடித்த கண்களோடு. இந்தப் படத்தைப் போட்டால் நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அந்தப் பலகையில் உட்காராத ஆம்பளை அந்த அறையில் இருக்க மாட்டான். அதற்கப்புறம் பத்து நிமிடம் அவர்கள்தான் பேசுவார்கள்.

டாக் முடிந்ததும் முதல் கேள்வி எப்போதும் "என்ன லென்ஸ் சார்?" என்பதாகவே இருக்கும். எரிச்சல்படாதீர்கள், அது கேள்வி இல்லை, தொண்டையைச் செருமுவது மாதிரி. 35 எம்.எம். என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் நல்ல கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். திருச்சியில் ஒரு பெரியவர் கேட்டார்: "இவங்களுக்கெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுத்தீங்களா தம்பி?" பதினான்கு கடைக்காரர்களில் ஐந்து பேருக்குத்தான் கொடுத்திருந்தேன். மேடையில் நின்றபடி அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் மீதி ஒன்பது பேரையும் தேடிப் போனேன். இரண்டு கடைகள் மூடியிருந்தன. டாக் கொடுத்ததால் எனக்குக் கிடைத்தவற்றில் அந்தக் கேள்வியைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அறை விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். "புரொஜெக்டர் சூப்பர் சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் 1024க்கு 768 பிக்சல் காலத்துப் பழைய பெட்டியாக இருக்கும், பச்சை அடிக்கும், லேப்டாப்பில் இருக்கும் நிழல் விவரமெல்லாம் திரையில் தார் பூசியது போல ஆகிவிடும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் ஒரு சாம்பல் பட்டையை முதல் ஸ்லைடாக வைத்திருங்கள். அரை மணி நேரம் முன்னால் போய் அதைப் போட்டு, படிகள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சொந்த எச்.டி.எம்.ஐ. கேபிள், வி.ஜி.ஏ. அடாப்டர், பென் டிரைவில் எல்லாப் படத்துக்கும் ஜேபெக் பிரதி. ஒருமுறை இந்த மூன்றும் இல்லாமல் போய், படமே இல்லாமல் நாற்பது நிமிடம் புகைப்படம் பற்றிப் பேசியிருக்கிறேன்.

ஆக, டாக்குக்கு யார் போகலாம்? "நான் பேசப் போவது..." என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, "என் படங்களைப் பற்றி" என்று முடிக்காமல் முடிக்கத் தெரிந்தவர்கள். தம்பியிடம் ஸ்லைடு பட்டியலை அனுப்பச் சொன்னேன். அவன் மூன்று வருடமாக வாராவாரம் சிங்காநல்லூர்க் குளத்தின் ஒரே கரையில் போய் உட்கார்ந்திருப்பவன். தண்ணீர் ஏறும்போது யார் வருகிறார்கள், ஆகாயத்தாமரை மூடும்போது யார் காணாமல் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதில் ஒரு டாக் இருக்கிறது. ஆனால் அவன் பட்டியலில் சிங்காநல்லூருக்கு நான்கே படம். மீதியெல்லாம் பரத்பூர், சாத்தால், கென்யா. அந்த 120 படங்களை அங்கே டூர் போன யார் வேண்டுமானாலும் காட்டலாம். புதிதாக ஒரு டாக்கை ஒழுங்காகக் கட்ட எனக்கு மூன்று வார மாலைகள் பிடிக்கும். அவனிடம் எட்டு நாள்தான் இருந்தது.

அடுத்தது மாதப் போட்டிக்குத் தனி நடுவராகப் போவது. நான் அவனை இந்தப் பக்கம்தான் தள்ளினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்ன கிளப், முப்பது நாற்பது உறுப்பினர்கள், ஆளுக்கு இரண்டு படம், ஒரு தலைப்பு. அறுபதிலிருந்து எண்பது படம் வரும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் மட்டும் போடாமல் எல்லோர் முன்னாலும் ஏதாவது சொல்ல வேண்டும். 64 படத்துக்குத் தலா ஒன்றரை நிமிடம் என்றாலும் 96 நிமிடம். டாக் கொடுப்பதைவிட நேரம் அதிகம், வார்த்தையும் அதிகம், ஆனால் ஒரு வார்த்தையைக்கூட முன்கூட்டித் தயாரித்துக்கொண்டு போக முடியாது. நமக்குப் பிடிக்காத வகைப் படத்தைப் பற்றியும் ஒன்றரை நிமிடம் யோசித்தாக வேண்டும். தெருப் படம் எடுப்பவன் கல்யாண ஆல்பப் படத்தையும், பறவைக்காரன் கோலப் படத்தையும் பார்த்தாக வேண்டும். அங்கேதான் நாம் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறோம் என்பது தெரியவரும். முதல் பத்துப் படத்துக்கு "கொஞ்சம் க்ராப் பண்ணியிருக்கலாம்", "லீடிங் லைன் நல்லா இருக்கு", "பேக்கிரவுண்ட் டிஸ்டர்ப் பண்ணுது" என்று ஓட்டிவிடலாம். பதினொன்றாவது படத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நிஜமாகவே பார்க்கத் தொடங்க வேண்டும்.

பெயரை மறைத்துத்தான் காட்டுவார்கள். ஆனாலும் யாருடைய படம் என்று முதுகு காட்டிக்கொடுத்துவிடும். திரையில் படம் வந்ததும் நாற்காலியில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த முதுகுக்குக் கேட்கும்படிதான் நாம் பேசுகிறோம்.

இதில் நான் செய்த பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும். எந்த ஊர் கிளப் என்பது வேண்டாம். ஒரு கோபுரத்தின் உச்சி, கலச வரிசை, அதன் பின்னால் ஒரு முழு நிலா. கலச வரிசையின் அகலம் முழுவதையும் நிலா அடைத்துக்கொண்டு நின்றது. நான் பார்த்த மாத்திரத்தில், "நிலா ஒட்டவைத்தது. இவ்வளவு பெரிய நிலா எங்க ஊர்ல வர்றதில்லை" என்று சொல்லி, சிரிப்பும் வாங்கி, பத்துக்கு நான்கு போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். டீ நேரத்தில் ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு இருக்கும். ஒன்றும் வாதாடவில்லை. "சார், இது ரா ஃபைல்" என்று மட்டும் சொல்லி, கேமராவிலிருந்து வந்த, கைபடாத அந்த மூலக் கோப்பைத் திறந்து காட்டினான். ஒரே ஃபிரேம். வாடகைக்கு எடுத்த 600 எம்.எம். லென்ஸ், கோபுரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டை மாடி, மூன்று பௌர்ணமி காத்திருந்து எடுத்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், நம் தொழிலே அதுதானே. வானத்தில் நிலாவின் விட்டம் ஏறக்குறைய அரை டிகிரி. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒன்பது மீட்டர் அகலப் பொருளும் நிலாவும் ஒரே அளவில் தெரியும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் பதினெட்டு மீட்டர். லென்ஸின் ஃபோகல் லெங்த்தை, அதாவது அதன் எம்.எம். எண்ணை, 110ஆல் வகுத்தால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் கிடைத்துவிடும்: 600 எம்.எம்.க்கு ஐந்தரை மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர்தான், ஆக கிட்டத்தட்ட கால்வாசி. எல்லாம் சரியாக இருந்தது. இந்தக் கணக்கை மேடையில் மனதுக்குள்ளேயே போட்டிருக்கலாம், அல்லது "இதை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். செயலாளரிடம் போனில் சொல்லி மதிப்பெண்ணை மாற்றச் சொன்னேன். முடிவு அறிவித்தாயிற்று, இனி விதி இடம் கொடுக்காது என்றார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் செலவில் போய் எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன் அன்றைக்கு வரவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒன்று, கோப்புகளை ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லி வீட்டில் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போவேன். இங்கிலாந்துக் கிளப்புகளில் திரைப் படப் போட்டிகளுக்கு இது சாதாரண நடைமுறைதான். இன்னொன்றும் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் பெரும்பாலும் இருபதுக்கு மார்க் போடுவார்கள், ஆனால் நல்ல படங்களுக்கு அந்த நிமிடமே போட்டுவிட மாட்டார்கள். தனியாக நிறுத்திவைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றை மட்டும் மறுபடி ஓடவிட்டு முடிவு செய்வார்கள். நாற்பதாவது படம் நன்றாக இருந்தது என்பதற்காக மூன்றாவது படத்துக்குப் போட்ட பெரிய மார்க்கை நினைத்து வருந்த வேண்டியதில்லை. தனி நடுவராகப் போகிறவர்கள் கிளப்பில் கேட்டு இந்த வசதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, குழு நடுவர். தேசிய அளவிலும் சர்வதேச அளவிலும் நடக்கும், சலோன் என்று சொல்லப்படும் பெரிய படப் போட்டிகள். சலூன் படங்களைச் சலோனுக்கு அனுப்பினாயா என்று என் நண்பர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அனுப்பினேன், ஒன்றும் தேறவில்லை. மூன்று பேர் அல்லது ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், கையில் எண் பட்டன்கள், ஒரு படத்துக்கு ஐந்தாறு விநாடி, பேச்சு கிடையாது. ஒரு பிரிவுக்கு 1500 படம் வந்தால் இடைவேளை இல்லாமலே இரண்டரை மணி நேரம். 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, 1934இல் தொடங்கிய அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. என்ற புகைப்படச் சங்கம் ஆகியவற்றின் அங்கீகாரத்தோடு நடப்பவை இவை. இங்கே படம் தேறினால் கிடைக்கும் அக்செப்டன்ஸ்களைச் சேர்த்துத்தான் பெயருக்குப் பின்னால் ஏ.ஃபியாப், ஈ.ஃபியாப் என்று பட்டம் போட்டுக்கொள்ள முடியும். அதனால் அனுப்புகிறவர்களுக்கு இதில் உயிர். அழைப்பு வந்தால் பெருமையாக இருக்கும், இருக்கட்டும். ஆனால் இதன் கணக்கைப் புரிந்துகொண்டு போங்கள்.

மூன்று நடுவர்கள், ஒன்பதுக்கு மார்க். ஒரு படத்துக்கு 7, 7, 3: கூட்டினால் 17. இன்னொன்றுக்கு 6, 6, 6: கூட்டினால் 18. இரண்டு பேருக்கு நன்றாகப் பிடித்த படம் தோற்று, யாரையும் தொந்தரவு செய்யாத படம் உள்ளே வந்துவிட்டது. இது நடுவர்களின் குற்றம் இல்லை, கூட்டலின் குணம் அப்படி. வருடக்கணக்கில் இப்படித் தேறிவருவதால்தான் சலோன் கேட்டலாக்குகளைப் புரட்டினால் எங்கேயோ பார்த்த படம் போலவே எல்லாம் இருக்கிறது. கூரை ஓட்டையிலிருந்து ஒளிக்கற்றை விழ, கீழே தாத்தா பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். குலசை தசரா வேஷம், உப்பளத்தில் வரிசையாகப் பெண்கள், ஜல்லிக்கட்டுப் புழுதி. பதினெட்டாவது ஜல்லிக்கட்டுக் காளை வரும்போது விரல் தானாக ஐந்தை அழுத்தும். அது பிரமாதமான காளையாக இருந்தாலும் சரி.

விதிகளையும் நன்றாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். நேச்சர் பிரிவில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது. உயிருள்ள இரையைக் காட்டி எடுப்பதையும், படத்துக்காகப் பறவைகளைக் கூட்டிலிருந்து எடுப்பதையும் ஃபியாப் தடை செய்திருக்கிறது, அப்படிப்பட்ட படங்களுக்கு நடுவர் பரிசு தரக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் மீன்கொத்தி தலைகீழாகத் தண்ணீரைத் தொடும் அந்தப் படத்தின் ஓரத்துக்கு வெளியே ஒரு தொட்டியும் அதில் வாங்கிவிட்ட மீன்களும் இருந்தனவா என்பது ஆறு விநாடியில் எப்படித் தெரியும்? மோனோக்ரோமுக்கும், அதாவது கறுப்பு வெள்ளைப் பிரிவுக்கும், ஒரு வரையறை உண்டு. படம் முழுவதும் ஒரே நிறச் சாயல் இருக்கலாம், ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் கொடுத்தால் அது கலர் பிரிவுக்குப் போய்விடும்.

இந்தச் சேர்ப்பு நீக்கச் சண்டை நம் ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1855ஆம் ஆண்டு மெட்ராஸ் கண்காட்சியில் தன் கோயில் படங்களுக்கு முதல் வகுப்பு மெடல் வாங்கினார். அடுத்த வருடம் மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக ஆனார். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் எடுத்தார். அந்தக் காலக் காகித நெகடிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் நெகடிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார், மர இலைகளையும் சரிசெய்தார். இன்றைக்கு டிராவல் பிரிவுக்கு அனுப்பியிருந்தால் மதுரைத் தெப்பக்குளத்தோடு சேர்த்து அவரை வெளியே அனுப்பியிருப்போம். 1857ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் இன்றும் சென்னையில் இருக்கிறது. அதாவது இங்கே ஒருவர் படத்தை இன்னொருவர் மதிப்பிடத் தொடங்கி நூற்றறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நடுவருக்கென்று ஒரு நாள் பயிற்சிகூட நம் பக்கம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. "நல்லா எடுக்கிறார்" என்பது ஒன்றே தகுதி.

குழுவில் என்னை உறுத்துவது இன்னொன்று. இப்போது பல நடுவர்கள் காசு வாங்கிக்கொண்டு போட்டோ டூர் நடத்துகிறார்கள். அதே டூரில் அதே மாடல் பெரியவரை அதே ஒளிக்கற்றையில் எடுத்த ஏழு பேர் அதே நடுவரின் முன்னால் படத்தை வைக்கிறார்கள். பெயர் மறைத்து என்ன புண்ணியம்? நான் ஒரு குழுவில் இதைக் கேட்டேன். அடுத்த வருடம் எனக்கு அழைப்பு வரவில்லை. உங்கள் மாணவர்கள், உங்களோடு டூர் வந்தவர்கள் அனுப்பும் போட்டி என்றால் முன்பே சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாட்ஸப் குழுவில் வந்து நீங்களே திருத்தம் சொன்ன படம் திரையில் வந்தால், அந்த ஒரு படத்துக்குப் பட்டனைத் தொடாமல் இருக்க வழி உண்டா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள்.

கல்லூரி விழாப் போட்டி ஒரு தனி ரகம். பேனரில் உங்கள் பெயர் பெரிதாக இருக்கும், படங்கள் உங்கள் கைக்கு வரும்போது பரிசளிப்பு விழாவுக்கு இருபது நிமிடம் இருக்கும். பிள்ளைகளுக்காகப் போகலாம், ஒருமுறை.

ஆன்லைன் பற்றியும் இரண்டு வரி. 2020க்கு அப்புறம் ஜூமில் டாக் சாதாரணமாகிவிட்டது. நாகர்கோவில்காரரும் துபாய்க்காரரும் சேர்ந்து கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் திரைப் பகிர்வில் படத்தின் நிழல் பகுதிகள் குழம்பிப்போகும், ஸ்லைடு தேங்கித் தேங்கி மாறும், எதிரே முகம் தெரியாததால் சலூன் பலகைக்குக்கூடச் சிரிப்பு வராது. ஆன்லைன் நடுவர் வேலைக்கு இந்தக் குறை கிடையாது. நிறமும் வெளிச்சமும் சரியாகக் காட்டும்படி கேலிபரேட் செய்த நல்ல மானிட்டர் வீட்டில் இருந்தால் கிளப் புரொஜெக்டரைவிட அது எவ்வளவோ மேல்.

நான்காவது ஒன்று இருக்கிறது, அழைப்புக் கடிதத்தில் அது வருவதே இல்லை. மதிப்பெண் இல்லாத விமர்சன மாலை. பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நான்கைந்து பிரிண்ட், நீள மேசை, டீ. 12க்கு 18 அங்குல அளவில் ஒரு பிரிண்டைக் கையில் எடுத்தால் யாரும் ஆறு விநாடியில் கீழே வைப்பதில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோவார்கள், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள், பக்கத்துப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். மதுரையில் ஓர் அம்மா தன் ஐந்து படத்தையும் கொடுத்துவிட்டு, "எது நல்லா இருக்கு?" என்றார். தறி, ஊடு நூல், கை, சாயத் தொட்டி, ஒரு முகம். எதுவும் தனியாகப் போட்டியில் ஜெயிக்கிற படம் இல்லை. மேசையில் இருந்தவர்கள் வரிசையை மாற்றி மாற்றி அடுக்கி, முகத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவந்தபோது ஐந்தும் சேர்ந்து ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டன. அதை எந்த மார்க்கும் செய்திருக்காது. கிளப் தானாக இதற்குக் கூப்பிடாது, ஏனென்றால் கோப்பை கொடுக்க முடியாது, பத்திரிகைக்கு அனுப்ப ஒரு மேடைப் படம் கிடைக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். டாக்குக்குக் கூப்பிட்டால், "டாக்கை அரை மணி நேரமா வச்சிட்டு மீதி நேரம் எல்லாரும் பிரிண்ட் கொண்டு வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள். இப்போதெல்லாம் நான் இப்படித்தான் போகிறேன்.

முதன்முதலாக அழைப்பு வருகிறவருக்கு, என் வரிசை இதுதான். முதலில் சின்ன கிளப்பின் மாதப் போட்டி, தனி நடுவராக, வாயைத் திறந்து காரணம் சொல்லும் வேலை. அதை ஒரு வருடம் செய்த பிறகு டாக். நடுவராக உட்கார்ந்தவனுக்குத் தன் 180 படங்களில் எந்த 120ஐத் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிந்திருக்கும். குழு நடுவர் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது வைத்துக்கொள்ளாமலே இருக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்குக் கூட்டத்தில் வைத்து ஒருவரைக் குறை சொல்ல வராது, எல்லாவற்றையும் "அருமை" என்றே சொல்லி முடித்துவிடுவார்கள். அது குணக்கேடு ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் நடுவராகப் போனால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அவர்கள் நேராக டாக்குக்கே போகலாம்.

தம்பி கடைசியில் போட்டிக்குச் சரி சொன்னான். டாக்குக்குக் கூப்பிட்டவரிடம், ஜனவரியில் வருகிறேன், சிங்காநல்லூர் மட்டும்தான் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறான். போட்டித் தலைப்பு "கைகள்", மொத்தம் 58 படம். பறவை ஒன்றுகூட இல்லை என்று முதலில் புலம்பினான். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் வந்தது: "அண்ணா, 31ஆம் நம்பர் படத்தை நாலு தடவை பார்த்துட்டேன். ஒரு பாட்டி கை, வெத்தலை, அவ்வளவுதான். ஃபோகஸ்கூட சரியில்லை. ஆனா விட்டுட்டுப் போக முடியல. என்ன சொல்றதுன்னு தெரியல."

இதையே நாளைக்கு அங்கே சொல்லு என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.